ஆள் கிடைச்சாச்சு

அம்மா ஃப்ளாஸ்கைத் திறந்து முதல் கோப்பைத் தேநீரை எனக்குத்தான் ஊற்றினாள்.

"குடிடா ரோரி. மூஞ்சியெல்லாம் வெளுத்துப் போயிருக்கு."

தேடுதல் குழுவின் ஆரஞ்சு ஜாக்கெட் போட்டிருந்தவன் நான். முதுகில் கயிறு, முதலுதவிப் பெட்டி, கம்பளி எல்லாம் இருந்தன. எழுபத்திரண்டு வயது மோய்ராவை நேற்று மாலையிலிருந்து காணோம் என்று, விடிந்ததிலிருந்து எட்டுப் பேர் இந்த மலையைச் சல்லடை போட்டுச் சலித்துக்கொண்டிருந்தோம்.

அந்த மோய்ரா, அதாவது என் அம்மா, பாறைமேல் காலை நீட்டி உட்கார்ந்து பழக் கேக் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"நேத்தே இறங்கிடுவேன்னு கீழ்க் குடில் புத்தகத்துல எழுதியிருந்தியேம்மா!"

"மேல் குடில் புத்தகத்துல, இன்னொரு நாள் தங்கிட்டு வர்றேன்னு மாத்தி எழுதினேனே. நீ பாக்கலியா?"

பார்க்கவில்லை. மலையேறுபவர்கள் தங்கும் குடில்களின் பதிவுப் புத்தகத்தில் காணாமல் போனவர் கடைசியாக என்ன எழுதினார் என்று பார்ப்பதுதான் எங்கள் முதல் வேலை. மேல் குடிலுக்குப் போகும் பொறுப்பை என்னிடம்தான் கொடுத்திருந்தார்கள். எனக்குக் குறுக்கு வழி தெரியும் என்று கிளம்பியவன், அங்கே போய்ச் சேரவே இல்லை.

திங்கட்கிழமை அம்மா ஒரு கையெழுத்துப் போட வேண்டும். ஆற்றங்கரை வீட்டை விட்டுவிட்டு நகரத்தில் முதியோர் குடியிருப்புக்குப் போவதற்கு. நானும் கிர்ஸ்டி அக்காவும் பார்த்துவைத்த இடம். "மலையைக் கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்று பையை மாட்டிக்கொண்டு கிளம்பியவள்தான் அம்மா.

தேடுதல் குழு மீட்டுக்கொண்டு வந்தது என்று ஆகிவிட்டால் அதற்கப்புறம் பேச்சே கிடையாது. தனியாக இருக்க லாயக்கில்லை என்று அக்கா ஒரே வரியில் முடித்துவிடுவாள். அது அம்மாவுக்கும் தெரியும்.

அப்போதுதான் மேகம் விலகியது.

கீழே பள்ளத்தாக்கு முழுக்க வெயில். ஆறு சரளைக் கற்களுக்கு நடுவே ஏழெட்டாகப் பிரிந்து, எந்த அவசரமும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. கரையில் ஒரு சிவப்புப் புள்ளி.

"நம்ம வீட்டுக் கூரை" என்றாள் அம்மா. "அந்தப் புள்ளிக்குள்ளதான் மூணு மாசமா கத்திக்கிட்டிருக்கோம், நீயும் நானும் உங்கக்காவும்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அம்மாவும் சிரித்தாள். ஒரு கியா கிளி வந்து என் காலணி நாடாவை அலகால் இழுத்து அவிழ்த்தது. விரட்டத் தோன்றவில்லை. மூன்று மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் எப்போது இறங்கியது என்றே தெரியவில்லை. இந்த மலைக்கு எங்கள் சண்டை ஒரு பொருட்டே இல்லை. அதை நினைக்க அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

வாக்கி டாக்கி கரகரத்தது. எங்கள் குழுத் தலைவர் ராவிரி.

"ரோரி, ஏதாவது தெரிஞ்சுதா?"

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. மடியில் சிந்திய கேக் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆள் கிடைச்சாச்சு" என்றேன். "நல்லா இருக்காங்க."

"அப்பாடா! உங்கக்கா இங்க பக்கத்துலதான் நிக்கிறாங்க. எப்படிடா கண்டுபிடிச்சே?"

பதினாறு வருடமாக இந்தக் குழுவில் இருக்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்குத் திசைகாட்டி பார்க்கச் சொல்லிக்கொடுப்பவனும் நான்தான். ஒரு மடக்குத் தேநீர் குடித்துக்கொண்டேன்.

"நான் கண்டுபிடிக்கல. மேகத்துல வழி தவறிட்டேன். உங்ககிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு, அதான் ரெண்டு மணி நேரமா ஒரே இடத்துல நின்னு விசில் ஊதிக்கிட்டிருந்தேன். சத்தம் கேட்டு அம்மாதான் வந்து என்னைக் கண்டுபிடிச்சாங்க. இதை அப்படியே அக்காகிட்ட சொல்லிடுங்க."