பீங்கான் தட்டில் மூன்று பேர்

மிதக்கும் சந்தையின் குறுகலான கால்வாயில், பாங்காக்கிலிருந்து வந்திருந்த பயணிகளின் படகுகள் முட்டிக்கொண்டு நின்றன. கரையோரக் கடைக்காரி நீண்ட கொக்கியால் முகுந்தனின் படகை இழுத்துப் பிடித்தாள். மறுகையில் ஒரு பீங்கான் தட்டு. படகு ஏறும்போது யாரோ கேட்காமலே எடுத்த படம் அதில் ஒட்டியிருந்தது: முகுந்தன், பக்கத்தில் சாருலதா, அவள் மடியில் குழந்தை.

“ஹஸ்பெண்ட், வைஃப், பேபி. குட்!”

சாருலதா, முகுந்தனின் இறந்துபோன மனைவி மைதிலியின் தங்கை; குழந்தை மைதிலி விட்டுச்சென்றது. மாமனார்தான் இருவரையும் ஒரே படகில் ஏற்றிவிட்டு, தான் அடுத்த படகில் வந்துகொண்டிருந்தார். எதற்கென்று இருவருக்கும் தெரியும்.

“வேண்டாம்னு சொல்லுங்க அத்தான். அப்பா பார்த்தா, ஊருக்குப் போனதும் கல்யாண மண்டபம் பேசிடுவாரு.”

“உனக்கு என்ன தோணுது?”

“இப்பத்தான் கேக்கணும்னு தோணிச்சா?”

அவன் வேண்டாமென்று தலையசைத்தான். கடைக்காரி உதட்டைப் பிதுக்கினாள். தட்டு அடுத்த பயணிக்கு ஆகும் என்று, கொக்கியை அக்குளில் இடுக்கிக்கொண்டு படத்தை ஓரத்திலிருந்து நகத்தால் உரிக்கத் தொடங்கினாள். முதலில் சாருலதாவின் தோள் கிழிந்தது. அவள் கண்ணெடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்னால் மாமனாரின் குரல் கேட்டது. கொக்கி விடுபட்டு, படகு நகர்ந்தது.

முகுந்தன் எட்டி, கடையின் மரத்தூணைப் பிடித்துக்கொண்டு, மறுகையைத் தட்டுக்காக நீட்டினான்.