முன்னங்கால்

இரண்டு சரணாலயங்களுக்கும் நடுவில் ஒரு ஓடைதான் எல்லை. யானைக் கணக்கெடுப்பு நாளில் இக்கரையில் ரேஞ்சர் அருளப்பனும் அக்கரையில் பக்கத்து மாநில ரேஞ்சர் கோஷியும் நோட்டோடு உட்காருவார்கள். ஓடைக்குள் நிற்கும் யானையை யார் எழுதுவது என்று முதல் வருடம் சண்டை வந்தது. முன்னங்கால் எந்தக் கரையில் ஏறுகிறதோ அந்தக் காட்டுக் கணக்கு என்று கட்டஞ்சாயா குடித்தபடி பேசி முடித்தார்கள். காதறுந்த கொம்பன் மட்டும் மத்தியானம்வரை நடு ஓடையிலேயே நிற்பான். “வாடா மோனே” என்று கோஷி மெல்ல அழைப்பார். “கூப்பிடக் கூடாது சார், அது கள்ளாட்டம்” என்பார் அருளப்பன். பதினான்கு வருடங்களில் பதினோரு முறை அவன் கோஷியின் நோட்டில்தான் ஏறினான்.

கோஷி ஓய்வுபெற்ற மறுவருடம் கொம்பன் ஓடையில் செத்துக்கிடந்தான். வயதுதான் காரணம் என்றார் டாக்டர். ஆனாலும் செத்த யானையை எழுதுகிறவர் மேலிடத்துக்குப் பக்கம் பக்கமாக விளக்கம் தர வேண்டும். அக்கரையின் புது ரேஞ்சர் ஜிபிஎஸ் கருவியோடு இறங்கி வந்து, உடல் யார் எல்லையில் கிடக்கிறது என்று அளந்துகொண்டிருந்தார். அருளப்பன் கோஷிக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னார்.

“சாரே, முன்னங்கால் எந்தச் சைடு?” என்று கேட்டார் கோஷி.

இரண்டு முன்னங்கால்களும் இக்கரைச் சேற்றில் மடங்கிக் கிடந்தன.

“உங்க பக்கம்தான் சார்” என்றார் அருளப்பன்.

புது ரேஞ்சர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு ஜிபிஎஸ்ஸை அணைத்துவிட்டுத் தன் நோட்டைத் திறந்தார்.