குரலைக் கொடுத்த பியானோ

பல்லெல்லாம் தெரியும், சிரிக்காது. ஆள் தொடாமலே பாடும். அது என்ன? தானே வாசிக்கும் மின்பியானோ.

அதனிடம் புது ஸ்பீக்கர் குழைந்தது: "அண்ணே, உங்க பாட்டைத் தெருவே கேக்க வேணாமா?"

பியானோ பூரித்துப்போனது. வீட்டுக்காரர் பியானோவின் ஹெட்போன் ஓட்டையில் ஸ்பீக்கரின் வயரைச் செருகினார். அதோடு பியானோவின் சொந்தக் குரல் அடைத்துக்கொண்டது. கட்டைகள் மட்டும் டொக்கு டொக்கென்று ஏறி இறங்கின. வந்தவர்களெல்லாம் ஸ்பீக்கரைப் புகழ்ந்தார்கள்.

"டேய், அது என் பாட்டுடா! குரலைத் திருப்பிக் கொடு."

"பாட்டு உங்களோடதுதாண்ணே. சத்தம் யாரோடது?"

வீட்டுக்காரரின் மகள் நறுமுகை, தினமும் பியானோமேல் காதை வைத்துக் கேட்பவள். அவள் தன்னை விட்டுக்கொடுக்கமாட்டாள் என்று பியானோ நம்பியிருந்தது.

"கட்டைச் சத்தம் இடைஞ்சலா இருக்கே, பாப்பா. வயரைப் பிடுங்கட்டுமா, மூடியைச் சாத்தட்டுமா?" என்றார் அப்பா.

நறுமுகை மூடியைச் சாத்தச் சொன்னாள்.