அன்னாசிக் கன்றுக் கள்ளன்

"ஏட்டி நேசம், நேத்தும் கள்ளன் வந்திருக்கான்."

ரசலையன் வேலிப் பக்கத்திலிருந்து போட்ட சத்தத்தில் கோழியெல்லாம் கூரையேறிவிட்டன. அன்னாசிச் செடிகளின் இடுப்பில் முளைத்திருந்த பக்கக் கன்றுகளை யாரோ பக்குவமாகப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள். பழுத்து மணந்துகொண்டிருந்த பழத்தைத் தொடவே இல்லை.

"பழத்த விட்டுட்டு கன்ன எடுக்கவன் யாருட்டி? நம்மளப் போல நடணும்னு நினைக்கவன். சீலன்தான். வேற எவன்?"

நேசபாய் மரச்சீனிக் கிழங்கைத் தோலுரித்துக்கொண்டே இருந்தாள்.

"கன்னுதானே, போனா போகட்டும். யாவாரி வாற நேரம். முகத்தக் கழுவுங்க."

போகட்டுமாம். மனுஷனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

திருக்கொச்சி ராஜ்யம் பிறந்த மறுவருஷம், மரச்சீனிகூட வேர்விட மறுத்த தன் பாறைச் சரிவில் அவன் அன்னாசி நட்டபோது ஊரே சிரித்தது. பக்கத்துத் தோட்டத்து ஜெபசீலன் கோயில் வாசலில் எல்லார் முன்னாலும், "அண்ணே, முள்ளு வெளைஞ்சா எனக்கும் ரெண்டு தாங்க" என்று கேட்டவன்.

முள்ளுச்செடி காய்த்துத் தள்ளியது. தண்ணி கோரி ஊற்றவில்லை, கூலிக்கு ஆள் கூப்பிடவில்லை, ரெண்டு பேர் கைப்பாடே போதுமாக இருந்தது. விற்பதுதான் பெரும்பாடு. போன வெட்டில் பழத்தைத் தலைச்சுமையாகச் சந்தைக்கு இறக்கியதில் அடிப்பழமெல்லாம் நசுங்கி ஈ மொய்த்தது. புருஷனும் பொண்டாட்டியுமாகக் குளச்சல் வியாபாரி ததேயுஸிடம் போய் நின்றார்கள்.

"ஒருத்தன் தோட்டத்துக்கு என் வண்டி மலையேறாது ஓய். வந்து பாக்கேன், அவ்வளவுதான்" என்றுவிட்டார் அவர்.

அவர் வரும் நாள் இன்று. வண்டி இல்லையென்றால் இந்த வெட்டும் அழுகும். செடியைத் தோண்டிப் போட வேண்டியதுதான்.

இந்த நேரம் பார்த்தா திருட்டு? ரசலையன் வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு வேலியைத் தாண்டினான்.

ஜெபசீலனின் மரச்சீனிக்கு நடுவே, ஒளித்து வைத்த மாதிரி, வரிசையாக அன்னாசிக் கன்றுகள். அடியிலை உரித்து, நிழலில் காயப்போட்டு நட்டவை. அந்தப் பக்குவம் ஊரில் ரசலையன் வீட்டுக்கு மட்டும்தான் தெரியும். அகப்பட்டான் கள்ளன்.

"ஏலே சீலா, வெளிய வா."

ஜெபசீலன் வெளியே வந்தான். அதே நேரம் நேசபாய் வழிகாட்டிக் கூட்டிவர, ததேயுஸும் மூச்சு வாங்க மேலேறி வந்து சேர்ந்தார். அவர் கண் நேரே கன்றுகளுக்குப் போயிற்று.

"இஞ்சயும் நட்டிருக்கா? வாற வழி நெடுக மரச்சீனிக்கு இடையில இதத்தான் பாத்துட்டு வாறேன். இவ்வளவும் காய்ச்சா ஒரு வண்டி பத்தாதே ஓய். பின்னே என்ன, இந்த வெட்டுக்கே வண்டி வரும். மாடு இப்பமே வழி பழகட்டும். ஆமா, ஊருக்கெல்லாம் கன்னு குடுத்த புண்ணியவான் யாரு?"

"இவருதான்." ஜெபசீலன் ரசலையனைக் காட்டினான். "நாங்க சிரிச்ச சிரிப்புக்கு இவருகிட்ட நேருல கேக்க நாக்கு எழும்பல. அது தெரிஞ்சு, நேசம் மைனி கையில வீடு வீடா குடுத்துவிட்டாரு. தான் குடுத்ததா வெளிய சொல்லப்பிடாதுன்னு கட்டளை வேற போட்டாராம்."

ரசலையன் நேசபாயைப் பார்த்தான். அவள் கண் கத்தியின் மேல்தான் இருந்தது.

ததேயுஸும் அப்போதுதான் அதைப் பார்த்தார்.

"அது சரி, காலம்பற வெட்டுக்கத்தியும் கையுமா எங்க கிளம்பினீரு?"

ரசலையன் கத்தியைத் தாழ்த்தினான்.

"மிச்சக் கன்னையும் வெட்டித் தரலாம்னுதான், சீலனைக் கூப்பிட வந்தேன்."