எதிர்ப்பக்கத்துப் புள்ளி

"ஏங்க, ரிசீவரை அடித்தளத்துல மோட்டார் ரூம்லதானே வெச்சீங்க?"

"அங்கேதான். இரும்புக் கதவைக்கூட சாத்திட்டுத்தான் வந்தேன்" என்றார் கணவர், மீசையைத் துடைத்துக்கொண்டே.

மனைவி கணினித் திரையைக் காட்டினாள். அவளே வடிவமைத்த ரிசீவர் அது, தீப்பெட்டி அளவு. செயற்கைக்கோள் சிக்னலைப் பிடித்து, தான் இருக்கும் இடத்தைக் கணினிக்குச் சொல்லும். பச்சைப் புள்ளி அவர்கள் கட்டடத்தின் மேலேயே துடித்திருக்க வேண்டும். அதுவோ சாலைக்கு எதிர்ப்பக்கம் துடித்தது.

அவர் கை தானாகச் சட்டைப்பையைத் தடவியது. காலி.

"மெஷின்னா கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்மா."

"எண்பது மீட்டரா?"

"பூமிக்கு அடியில சிக்னல் எப்படி வரும்? பாவம், அதுவும் என்ன செய்யும்!"

"வருங்க. இரைச்சலைவிட மெலிசா வரும். ஆனா ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டே இருக்கும். ஆயிரம் தடவை பொறுமையா கேட்டு, ஒண்ணு மேல ஒண்ணா கூட்டினா, இரைச்சல் தனக்குள்ளேயே அடிச்சுக்கிட்டு அடங்கிடும். அந்த வரி மட்டும் எழும்பி நிக்கும்."

"அடேங்கப்பா!"

"என்ன அடேங்கப்பா? கூட்டின கணக்குல எங்கேயோ ஓட்டை. ரெண்டு வருஷ உழைப்பு போச்சு. நாளைக்கு ஆபீஸ்ல எல்லார் முன்னாடியும் அசிங்கப்படறதுக்குப் பதிலா, இப்பவே மேனேஜருக்கு எழுதிடறேன், வேலையை விடறேன்னு."

விறுவிறுவென்று தட்டினாள். மூக்கை உறிஞ்சினாள். அனுப்பும் பொத்தானுக்கு விரல் போனது.

"நிறுத்தும்மா!" அவர் பாய்ந்து கையைப் பிடித்தார். "உன் கணக்கு சரிதான். அது எதிர் பேக்கரியில இருக்கு. ஜன்னலோர மேஜையில வெச்சேன், எடுக்க மறந்துட்டேன்."

"பேக்கரியில உங்களுக்கு என்ன வேலை?"

"கேக்..."

"எத்தனை?"

"ஒண்ணு." அவள் பார்த்த பார்வையில் தலை தொங்கியது. "மூணு."

"தினமுமா?"

"ஞாயித்துக்கிழமை கடை லீவு."

அவள் முகத்தில் அழுகையின் சுவடே இல்லை. எழுதியதை நிதானமாக அழித்தாள்.

"ரிசீவர் போன வாரமே ஆபீஸ்ல பாஸாயிடுச்சுங்க. இத்தனை மாத்திரை போட்டும் சர்க்கரை ஏன் இறங்கலைன்னு தெரியல, அதான் இன்னிக்கு உங்களுக்கு டெஸ்ட் வெச்சேன்."