எந்தக் கட்டடம்

ஊர்ப் பெயரை அடித்ததும் வரைபடம் முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். அம்மை போட்ட முகம் மாதிரி.

அவள் விரலால் பெரிதாக்கினாள். புள்ளிகள் விலகினவே தவிர குறையவில்லை.

உலகத்தில் எந்த மூலையில் டேட்டா சென்டர் இருந்தாலும் இந்த வலைத்தளம் காட்டிக் கொடுத்துவிடுமாம். நாட்டை வைத்துத் தேடலாம். பரப்பளவை வைத்துத் தேடலாம். எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்பதை வைத்துக்கூடத் தேடலாம்.

உள்ளே வேலைக்குப் போன புருஷனை வைத்துத் தேடத்தான் வழியில்லை.

காலையில் செய்தியில் சொன்னார்கள். ஜொகூரில் ஒரு டேட்டா சென்டரில் தீ.

ஒரு டேட்டா சென்டராம். பெயரைச் சொன்னால் வாய் வெந்துபோய்விடும் போல.

இளவரசனும் சொன்னதில்லை. மலேசியாவில் வேலை, ஜொகூரில் வேலை, ஏசி பிளான்ட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அதோடு சரி. பெண்டாட்டியிடம்கூடக் கட்டடத்தின் பெயரைச் சொல்லக் கூடாதென்று சேரும்போதே கையெழுத்து வாங்கிக்கொண்டார்களாம். வாசலில் போர்டே கிடையாதாம்.

"பேரைத் தெரிஞ்சுக்கிட்டு நீ என்ன பண்ணப்போற?" என்று சிரிப்பான்.

அவளும் சேர்ந்து சிரித்திருக்கிறாள். பாவி, அன்றைக்கே மல்லுக்கட்டிக் கேட்டிருக்க வேண்டும்.

அனுப்பிவைத்த ஏஜெண்ட் போனை அணைத்துவிட்டான். தூதரகத்தில் எடுத்தார்கள். மரியாதையாகவே பேசினார்கள். எந்தக் கட்டடம் என்று சொல்லுங்கம்மா, விசாரிக்கிறோம் என்றார்கள்.

அதற்குத்தான் தேடுகிறாள்.

அவன் எப்போதோ சொன்னதையெல்லாம் கிளறி எடுத்தாள். பின்பக்கம் பாமாயில் மரத் தோப்பு. மத்தியானம் சாப்பிடும்போது பள்ளிவாசல் பாங்கு கேட்கும்.

எல்லாப் புள்ளிக்குப் பின்னாலும் தோப்பு இருந்தது. எல்லாப் புள்ளிக்குப் பக்கத்திலும் பள்ளிவாசல் இருந்தது.

ஒவ்வொன்றாகத் தட்டித் திறந்தாள். எழுத்துக்கூட்டி வாசித்தாள். ஐந்தடுக்குக் காவல். வெள்ளம் வந்தாலும் தாங்கும். நிலம் அதிர்ந்தாலும் தாங்கும். இந்தக் கட்டடமே எரிந்துபோனாலும் உங்கள் தகவல்களின் நகல் வேறு இரண்டு ஊர்களில் பத்திரமாக இருக்கும்.

ஆட்களைப் பற்றி ஒரு வரி இல்லை. அவர்களுக்கு நகல் எடுத்து வைக்கும் வழக்கம் இல்லை போலிருக்கிறது.

திரையின் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி எழும்பியது. உங்களுக்கு எவ்வளவு இடம் தேவைப்படும் என்று கேட்டது.

தெரிந்த ஆங்கிலத்தில் அடித்தாள். என் கணவர் உள்ளே வேலை செய்கிறார். எந்தக் கட்டடத்தில் தீ?

கண்மூடித் திறப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

உங்கள் ஆர்வத்துக்கு நன்றி. எங்கள் விற்பனைப் பிரதிநிதி நாளை உங்களைத் தொடர்புகொள்வார்.

அவளுக்கு அழக்கூட வரவில்லை. யாரைப் பார்த்து அழுவது?

பெருமாளே, அது வேறு கட்டடமாக இருக்கட்டும். பக்கத்துப் புள்ளியாக இருக்கட்டும். அங்கேயும் எவளோ ஒருத்தியின் புருஷன் இருப்பான் என்று தெரிந்துதான் வேண்டிக்கொண்டாள்.

"ஏம்மா, அவனுக்கு இன்னொரு தரம் போன் போட்டுப் பாரேன்." மாமியார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

போட்டாள். ஸ்பீக்கரில் வைத்தாள்.

ரிங் போனது. நின்று நிதானமாக, முழுசாகப் போய் ஓய்ந்தது.

மாமியார் பெருமூச்சு விட்டாள்.

"போகுதுல்ல. நெருப்புல கெடந்தா போன் அடிக்குமா? எம்புள்ளைக்கு ஒண்ணுமில்ல. அசந்து தூங்குறானோ என்னவோ."

காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடத் தொடாதவள் எழுந்துபோய்த் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டாள். நீயும் ஒரு வாய் சாப்பிடு என்று உள்ளிருந்தே சொன்னாள்.

போனை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள் என்பது மாமியாருக்குத் தெரியாது. தெருவின் மறுபக்கம் காவலர் அறை. அங்கே லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். ஷிப்ட் முடிந்து வெளியே வந்ததும் முதல் காரியமாக அதை எடுத்து அவளைக் கூப்பிடுவான். சாப்பிட்டாயா என்று கேட்பான். ஒருநாளும் தவறியதில்லை.

இங்கே மணி ஐந்து. அங்கே ஏழரை. ஷிப்ட் முடிந்து விளக்குப் போட்டிருப்பார்கள்.

அவள் நம்பர் அவனுக்கு மனப்பாடம். போன் கைக்கு வரவில்லை என்றாலும் யாரிடமாவது இரவல் வாங்கிப் பேசியிருப்பான்.

அவள் வரைபடத்தை மூடினாள். இனி அதில் தேட ஒன்றுமில்லை.

"ரிங் போகுதா?" அடுக்களையிலிருந்து குரல். வாயில் சோறு.

மறுபடி போட்டாள்.

"போகுது அத்தை. நீங்க சாப்பிடுங்க."