முதுகில் தட்டும் நேரம்

ஈஜிபுராவில் அந்த வீட்டின் காலைப்பொழுது அசோகனின் நெஞ்சோடுதான் விடியும். கோலார் தங்கவயல் சுரங்கத்தில் தூசி தின்ற நுரையீரல். அதில் குடியேறிய கிருமி எந்த மருந்துக்கும் முழுசாகக் கிளம்பவில்லை. நெபுலைசர் பிடித்து முடித்ததும் அவர் தலையணைமேல் குப்புறப் படுப்பார். மனைவி தனலக்ஷ்மி உள்ளங்கையைக் குழித்து, சளி இளகும்வரை முதுகில் தட்டுவாள்.

இன்று அடுப்பில் பால் பொங்கியது. அவள் பதறிக் கையை எடுத்தாள். தட்டும் ஓசை நிற்கவில்லை.

முதுகில் காதை வைத்தாள். உள்ளே வெகு ஆழத்தில், இரும்புக் குழாயில் யாரோ கல்லால் தட்டுவதுபோல் கேட்டது. அவள் ஒரு தட்டுத் தட்டினாள். அது நின்றது. பிறகு அவசரமாகப் பதில் தட்டியது.

“இன்னாங்க இது?”

“பாறை சரிஞ்சி உள்ள மாட்டிக்கினவங்க பைப்பைத் தட்டுவாங்க, தனம். நாம பதிலுக்குத் தட்டணும்.”

“டாக்டராண்ட சொல்லலாமா?”

“மொதல்ல தட்டு. நிறுத்தினா, தேடுறத வுட்டுட்டாங்கன்னு நெனச்சிப்பாங்க.”

பால் தீய்ந்த வாடை வீடெங்கும் பரவியது. தனலக்ஷ்மிக்குக் கையை எடுக்கத் துணிவு வரவில்லை.